சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால்: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு இரவு பத்து மணிக்கு மேல் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பழைய கார், கைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. திருமயம் கோட்டையைத் தாண்டியதும் ஹெட்லைட் மங்க ஆரம்பித்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அடுத்து பாட்டு நின்றது. கானாடுகாத்தான் விலக்கு வருவதற்குள் இன்ஜின் இரண்டு முறை குலுங்கிவிட்டு அடங்கிப்போனது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒற்றைச் சத்தம், அவ்வளவுதான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதற்கு மூன்று நாள் முன்னால்தான் புது பேட்டரி போட்டிருந்தேன். மீட்டர் போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது என்று ஒரு கடையில் சொன்னேன். "பேட்டரி போயிருச்சுண்ணே, மாத்திருவோம்" என்றார்கள். படமே பேட்டரி படம், அப்புறம் வேறு எதை மாற்றுவார்கள்? எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் காலை வந்த எலக்ட்ரீஷியன், இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரைப் பிரித்து, தேய்ந்து சுண்டுவிரல் நகம் அளவாகிப்போன இரண்டு கார்பன் துண்டுகளை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே சுழலும் பாகத்தில் உரசிக்கொண்டே அதற்கு மின்சாரத்தைக் கடத்துபவை அவை. நான் பேட்டரிக்குக் கொடுத்த காசில் இருபதில் ஒரு பங்கு கூட ஆகாது அந்தக் கார்பன்.

அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. உலகம் முழுக்க எத்தனை நல்ல பேட்டரிகள் அந்தப் படத்தால் தூக்கி எறியப்பட்டிருக்குமோ.

விளக்கு யாரைப் பற்றிப் பேசுகிறது

நம் ஊர்க்காரர்களுக்கு இதை ஊருணியை வைத்துச் சொல்லிவிடலாம். பேட்டரி என்பது ஊருணி. தண்ணீரை வைத்திருக்கும், கேட்கும்போது கொடுக்கும். ஆல்டர்னேட்டர் என்பது வரத்துக்கால். இன்ஜின் ஓடும்வரை அது தண்ணீரைக் கொண்டுவந்து ஊருணியை நிரப்பிக்கொண்டே இருக்கும். ஊர் செலவழிப்பதற்கும் அதுவே கொடுக்கும். ஸ்டார்ட் செய்யும் அந்தச் சில நொடிகளில்தான் பேட்டரிக்குப் பெரிய வேலை. வண்டி ஓட ஆரம்பித்த பிறகு ஹெட்லைட், ஏசி, பெட்ரோல் பம்ப், ஹாரன் எல்லாவற்றுக்கும் சோறு போடுவது ஆல்டர்னேட்டர்தான்.

சிவப்பு விளக்கு சொல்வது வரத்து நின்றுவிட்டது என்பதை. ஊருணியில் எவ்வளவு இருக்கிறது, கரை உடைந்திருக்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆயுள் முடிந்த பேட்டரியோடு ஓடும் எத்தனையோ கார்களில் இந்த விளக்கு எரிவதே இல்லை. புத்தம் புது பேட்டரி போட்ட என் காரில் எரிந்தது.

உள்ளே நடப்பது எளிமையானது. பழைய வகைக் கார்களில் இந்த விளக்கின் ஒரு முனை சாவி வழியாக பேட்டரியோடும், மறு முனை ஆல்டர்னேட்டரோடும் இணைந்திருக்கும். சாவியைத் திருப்பி, இன்னும் ஸ்டார்ட் செய்யாத நிலையில் ஒரு பக்கம் 12 வோல்ட், மறு பக்கம் ஒன்றுமில்லை. இரண்டு ஊருணிக்கு நடுவே வாய்க்கால் வெட்டியதுபோல, மட்டம் உயர்ந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு மின்சாரம் ஓடும், விளக்கு எரியும். இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தர ஆரம்பித்ததும் இரண்டு பக்கமும் மட்டம் சமமாகிவிடும். ஓட்டம் நிற்கும், விளக்கு அணையும். அந்தச் சின்ன ஓட்டம்தான் ஆல்டர்னேட்டருக்குள் சுழலும் ரோட்டாரை முதலில் காந்தமாக்கி எழுப்பிவிடுவதும். அதனால் அந்த பல்பு ஃபியூஸ் போனால் சில கார்களில் சார்ஜே ஏறாது. புதுக் கார்களில் பல்புக்குப் பதில் எல்.இ.டி. இருக்கும், காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் பார்த்து அதை எரியவிடும். என்றாலும் அர்த்தம் அதேதான்.

ஒரு சொல் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்துப் பழைய டிரைவர்களும் பல எலக்ட்ரீஷியன்களும் ஆல்டர்னேட்டரை "டைனமோ" என்றுதான் சொல்வார்கள். நிஜமான டைனமோ வேறு, அது அந்தக் காலத்துக் கார்களோடு போய்விட்டது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் இன்னும் "கட் அவுட்" என்பவர்கள் உண்டு. குழம்ப வேண்டாம்.

தினமும் இரண்டு நொடி

சாவியை 'ஆன்' வரை திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் ஒரு கணம் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால் கிளட்ச் அல்லது பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் பெரும்பாலான கார்களில் அந்த நிலைக்கு வந்துவிடும். பேட்டரி விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்போ அதற்கு வரும் வயரோ போய்விட்டது, உங்களுக்கு இனி எச்சரிக்கை கிடைக்காது என்று அர்த்தம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். விளக்கு தொந்தரவு செய்கிறதென்று வயரையே கழற்றிவிட்டு வண்டியை விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்றிரண்டு நொடியில் விளக்கு முழுதாக அணைய வேண்டும். அணையாமல் மினுக்கு மினுக்கென்று லேசாக எரிந்துகொண்டிருந்தால் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகளில் ஒன்றோ இரண்டோ போயிருக்கலாம். இரவில் மட்டும்தான் இது கண்ணுக்குப் படும். ஐடிலில், அதாவது ஆக்ஸிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது எரிந்து, மிதித்தால் அணைகிறது என்றால் பெல்ட் தளர்ந்திருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம். என் வண்டி இரண்டு வாரம் இதைத்தான் செய்துகாட்டியது. மேடு பள்ளத்தில் மட்டும் எரிந்து அணைந்தால் ஏதோ ஒரு கனெக்‌ஷன் ஆடுகிறது.

ஓடிக்கொண்டிருக்கும்போது எரிந்தால்

முதலில் பார்க்க வேண்டியது டெம்பரேச்சர் முள். இந்த வரிசை முக்கியம். ஆல்டர்னேட்டரைச் சுற்றுவது இன்ஜின் முன்னால் ஓடும் பெல்ட். வழக்கில் ஃபேன் பெல்ட். பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் சார்ஜும் நிற்கும், இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீரும் நிற்கும். பேட்டரி விளக்கு எரிந்து, முள்ளும் ஏறுகிறது என்றால் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய், பெல்ட் செலவு இன்ஜின் செலவாக மாறும். ஆயில் வகை பவர் ஸ்டீயரிங் உள்ள கார்களில் பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங்கும் அந்த நிமிடமே கனத்துவிடும்; அதுவே ஒரு அறிகுறி.

முள் சரியாக இருக்கிறதா? அப்படியானால் உங்களிடம் இருப்பது ஊருணியில் மிச்சமிருக்கும் தண்ணீர் மட்டும். ஏசி, புளோயர், பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணையுங்கள். ஜன்னல் கண்ணாடியை இப்போதே இறக்கிவிடுங்கள், பின்னால் இறங்காமல் போகலாம். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். செல்ஃப், அதாவது இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார், ஒரு தடவை அடிக்க நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அணைத்தால் திரும்ப எடுக்கப் பேட்டரியில் தெம்பு இருக்காது. டீக்கடையைப் பார்த்து நிறுத்தி யோசிக்கலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். யோசிப்பதை ஓட்டிக்கொண்டே செய்யுங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம்? சின்ன காரில் பெரும்பாலும் 35 ஏ.ஹெச். பேட்டரி. அதாவது கணக்குப்படி 1 ஆம்பியர் எடுத்தால் 35 மணி நேரம். பெட்ரோல் பம்ப், இக்னிஷன், கம்ப்யூட்டர் இவை மட்டும் பத்து ஆம்பியர் அளவுக்குச் சாப்பிடும். 55 வாட் ஹெட்லைட் இரண்டு போட்டால் இன்னும் ஒன்பது. ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போது அது தனி. ஏட்டில் மூன்று மணி நேரம் வந்தாலும், பேட்டரி பாதி இறங்கியதுமே வோல்டேஜ் விழுந்து இன்ஜின் தடுமாற ஆரம்பிக்கும். பகலில் முக்கால் மணி நேரம், இரவில் அரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஓடினால் லாபம். பழைய பேட்டரி என்றால் அதையும் எதிர்பார்க்க வேண்டாம். குன்றக்குடி தாண்டி எரிந்தால் காரைக்குடிக்குத் திரும்பிவிடலாம். மதுரை வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது.

இரவில் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஹெட்லைட்டை அணைத்து ஓட்டாதீர்கள். நம் கிராமச் சாலைகளில் மாடும் ஆடும் விளக்கு போட்டு நடப்பதில்லை. வெளிச்சமுள்ள ஒரு பெட்ரோல் பங்கைப் பார்த்து ஒதுங்கிவிடுவது மேல். இன்ஜின் தானாக நின்றுவிட்டால் பிரேக் மிதி இரண்டு மூன்று அழுத்தத்துக்குப் பின் இறுகிவிடும், எலக்ட்ரிக் ஸ்டீயரிங் கனத்துவிடும். வேகம் இருக்கும்போதே ஓரத்துக்குத் திருப்பி, பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்கள்.

பழைய அம்பாசிடர் டீசல் ஓட்டியவர்கள் "பேட்டரியைக் கழட்டி வச்சிட்டே ஊருக்குப் போயிருக்கோம்" என்று சொல்வது பொய்யல்ல. அந்த டீசல் இன்ஜின் ஒருமுறை ஓட ஆரம்பித்தால் மின்சாரம் தேவையில்லை. இன்றைய டீசல் கார் அப்படியில்லை, கம்ப்யூட்டர் செத்தால் அதுவும் செத்துவிடும்.

வீட்டு வாசலில் நீங்களே பார்ப்பது

இன்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறங்கள். மோதிரம், கையில் செயின் இருந்தால் கழற்றி வையுங்கள். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. ஸ்பேனரும் மோதிரமும் சேர்ந்து பேட்டரி பிளஸ்ஸையும் பாடியையும் தொட்டால் மோதிரம் விரலோடு சேர்ந்து சிவக்கும்.

பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அமுங்கினால் சரி. தொளதொளவென்று இருந்தால் இழுத்துக் கட்ட வேண்டும். பெல்ட்டைத் தானே இறுக்கிவைக்கும் டென்ஷனர் உள்ள கார்களில் இந்தச் சோதனை பொருந்தாது, அங்கே பெல்ட்டின் உள்பக்கம் வெடித்திருக்கிறதா, கண்ணாடிபோல் வழவழத்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீஈச்' என்று ஒரு சத்தம் வந்து சில நொடியில் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. தொடர்ந்து உறுமல்போல வந்தால் ஆல்டர்னேட்டர் பேரிங்.

அடுத்தது டெர்மினல். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் மின்சாரம் போகவும் வரவும் தடை. கழற்றும்போது கறுப்பு, அதாவது மைனஸ், முதலில். மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். காரணம் எளிது: கறுப்பைக் கழற்றிவிட்டால் சிவப்பைக் கழற்றும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. வெந்நீரில் இரண்டு ஸ்பூன் ஆப்பசோடாவைக் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரைந்துவிடும். செல்களின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், சோடா உள்ளே போகக் கூடாது. துடைத்துக் காயவைத்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். கையால் திருகினால் டெர்மினல் அசையவே கூடாது. பேட்டரியிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் எர்த் பட்டையையும் பாருங்கள், பெரும்பாலோர் அதை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பூப்பதும் அரிப்பதும் காரைக்குடிக்கு ஒரு விதத்தில் ஊர்ச் சொத்து. அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறந்த நம்ம 'சிக்ரி', மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், இந்த பேட்டரி வேதியியலையும் உலோக அரிப்பையும்தான் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துகொண்டிருக்கிறது. அந்த காம்பவுண்டு சுவரை ஒட்டித் தினமும் போய் வரும் எனக்கு கார்பன் என்றால் என்னவென்று தெரியாமல் இருந்தது வேறு விஷயம்.

மூடி திறக்கக்கூடிய பேட்டரி என்றால் தண்ணீர் மட்டம் பாருங்கள். பக்கவாட்டில் இரண்டு கோடு இருக்கும், இடையில் இருக்க வேண்டும். ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. போர் தண்ணீரில் உள்ள உப்பு பேட்டரித் தகட்டைக் கெடுத்துவிடும். வளவில் அண்டா வைத்துப் பிடித்த மழைத் தண்ணீர் சுத்தம்தானே என்று என் அப்பத்தா கேட்டார். குடிக்கச் சுத்தம்தான், ஆனால் அது ஓட்டில் ஓடி வந்த தண்ணீர், பேட்டரிக்கு வேண்டாம். ஆசிட்டையும் நீங்களாக ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்.

முந்நூறு நானூறு ரூபாய் மல்டிமீட்டர்

என் கருத்தில் காரில் இருக்க வேண்டிய கருவிகளில் ஜாக்கிக்கு அடுத்தது இதுதான். எலக்ட்ரிக்கல் கடைகளில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் தொடுங்கள்.

முதல் அளவு காலையில், இரவெல்லாம் நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்வதற்கு முன். 12.6 வந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 பாதி, 12.0 என்றால் கால் பங்குதான். ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 2.1 வோல்ட், ஆறு செல், அதனால்தான் இந்தக் கணக்கு. 10.5 பக்கம் நின்றால் ஒரு செல்லே செத்திருக்கலாம். இரண்டாவது அளவுக்கு ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி நீங்கள் மீட்டரைப் பாருங்கள். எண் விழும், 9.6க்குக் கீழே போகக் கூடாது. முழு சார்ஜில் இருந்தும் போனால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது.

மூன்றாவதுதான் சிவப்பு விளக்குக்கான பதில். இன்ஜின் ஓடட்டும். 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் இருந்த அதே 12.4, அதற்குக் கீழே மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டும் இருந்தால் வரத்தே இல்லை. பேட்டரி கடைக்குப் போகாதீர்கள், ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். சரியாகக் காட்டினால் ஹெட்லைட், ஏசி, புளோயர் எல்லாம் போட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி மறுபடி பாருங்கள். 13.5 பக்கம் நின்றால் நல்லது. 13க்குக் கீழே விழுந்தால் பெல்ட் வழுக்குகிறது, அல்லது ஆல்டர்னேட்டரால் முழு பலத்தைக் கொடுக்க முடியவில்லை.

15ஐத் தாண்டினால்? அது எதிர்ப்பக்கத்துக் கோளாறு, ரெகுலேட்டர் கெட்டு அளவுக்கு மேல் ஏற்றுகிறது. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் வரும், பல்புகள் அடுத்தடுத்துப் போகும். பல கார்களில் இதற்குச் சிவப்பு விளக்கு எரியாது, அதனால் மீட்டர் இல்லாமல் தெரியாது. அந்த நாற்றம் வந்தால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது.

ஒரு எச்சரிக்கை: 'ஹைப்ரிட்' என்று பட்டை ஒட்டிய சில புதுக் கார்களில் கம்ப்யூட்டர் தேவைக்கேற்ப சார்ஜைக் கூட்டிக் குறைக்கும். பேட்டரி நிரம்பியிருந்தால் 12.8 கூடக் காட்டலாம். ஹெட்லைட்டைப் போட்டு சிறிது நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மீட்டர் இல்லாமல் ஒரு கைவைத்தியமும் உண்டு. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். மற்ற இரும்பெல்லாம் சில்லென்று இருக்க அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால் டயோடு ஒழுகுகிறது. பேட்டரியில் இருப்பதை இரவோடு இரவாக ஆல்டர்னேட்டரே குடிக்கிறது.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக் கார்

இது நம் பக்கத்துக்கே உரிய வியாதி. சென்னையிலோ சிங்கப்பூரிலோ குடும்பம். பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ பெரிய வீடு. பின்கட்டு ஷெட்டில் ஒரு கார். பிள்ளையார் நோன்புக்கோ படைப்புக்கோ வந்து சாவியைத் திருப்பினால் ஒரு விளக்கும் வராது. சிவப்பு விளக்கு கூட வராது, அது எரியவே மின்சாரம் வேண்டுமே.

நிறுத்திய காரிலும் கடிகாரம், ரிமோட் பூட்டு, கம்ப்யூட்டர் என்று சொட்டுச் சொட்டாகச் செலவு இருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. அது சின்னதாகத் தெரிந்தாலும் ஒரு நாளைக்கு 1.2 ஏ.ஹெச்.; 35 ஏ.ஹெச். பேட்டரி ஒரு மாதத்தில் காலி. காலியாக நின்ற லெட் ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும், பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது. வெயில் வேறு. வெப்பம் பேட்டரியை வேகமாகக் கிழடாக்கும், நம் சித்திரை வெயிலில் மூன்று நான்கு வருடம் உழைத்தாலே பெரிது.

வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லி வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போவார்கள். அது நல்லதைவிடக் கெடுதல். செல்ஃப் எடுத்ததை ஐடிலில் ஐந்து நிமிடம் ஈடுகட்டுவது கஷ்டம். ஓட்டுவதானால் அரை மணி நேரம் ஓட்ட வேண்டும். அது முடியாது என்றால் கிளம்பும் நாளில் மைனஸ் டெர்மினலைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி வைத்துவிடுங்கள். ரிமோட் வேலை செய்யாது என்பதால் கதவைச் சாவியால் பூட்டிப் பழகிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து மாட்டுவதற்கு முன் பானெட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியிருக்கிறதா என்று பாருங்கள். ஆல்டர்னேட்டருக்குப் போகும் சின்ன வயரை எலி கடித்துவிட்டுச் சிவப்பு விளக்கைக் குழப்பிய கதைகள் இங்கே ஏராளம்.

இறங்கிய பேட்டரிக்கு நல்லது சார்ஜரில் மெதுவாக ஏற்றுவதுதான். பத்தில் ஒரு பங்கு கணக்கு: 35 ஏ.ஹெச். என்றால் 3.5 ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம், காற்றோட்டமான இடத்தில். ஏறும்போது ஹைட்ரஜன் வரும், பூட்டிய அறை வேண்டாம். ஸ்டார்ட் செய்து ஆல்டர்னேட்டரே ஏற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால் அது சூடேறித் தன் ஆயுளைக் குறைத்துக்கொள்ளும்.

அவசரத்துக்கு ஜம்ப் கேபிள். உதவிக்கு வரும் வண்டி 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். இன்னொரு கார் சரி. பெரிய லாரியும் பஸ்ஸும் 24 வோல்ட். அதில் மாட்டினால் உங்கள் கார் கம்ப்யூட்டருக்குப் பால்தான். இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று தொடக் கூடாது, இரண்டும் அணைந்திருக்கட்டும். சிவப்பு கேபிள் முதலில் இறந்த பேட்டரியின் பிளஸ்ஸில், அதன் மறு முனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையை மட்டும் இறந்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளியிருக்கும் இன்ஜினின் வெற்று இரும்பில் கவ்வவையுங்கள். கடைசி முனையில்தான் பொறி வரும், பேட்டரிக்கு மேலேதான் ஹைட்ரஜன் இருக்கும், இரண்டும் சந்திக்க வேண்டாம். நல்ல வண்டியை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் விட்டு, பிறகு உங்களுடையதை எடுங்கள். எடுத்ததும் மாட்டியதற்கு நேர்எதிர் வரிசையில் கழற்றுங்கள். எடுத்த பிறகு சிவப்பு விளக்கு அணைந்ததா என்று கவனியுங்கள். அணைந்தால் உங்கள் பிரச்சினை வெறும் பேட்டரி இறக்கம். அணையாவிட்டால் ஊரை விட்டு வெளியே கிளம்பாதீர்கள்.

கடையில் எப்படிப் பேசுவது

"பேட்டரி லைட் எரியுது" என்று சொல்லாதீர்கள். அந்த வாக்கியம்தான் எனக்குச் செலவு வைத்தது. "இன்ஜின் ஓடும்போது 12.3தான் காட்டுது, சார்ஜ் ஏறல, டைனமோவைப் பாருங்க" என்று சொல்லுங்கள். எண்ணோடு பேசுகிறவரிடம் பேச்சு வேறு மாதிரி இருக்கும். பேட்டரி கடையைவிட கார் எலக்ட்ரீஷியனிடம் முதலில் போவது நல்லது.

ஆல்டர்னேட்டரை முழுதாக மாற்றச் சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். கார்பன், ரெகுலேட்டர், டயோடு பிளேட், பேரிங் எல்லாம் பல வண்டிகளுக்குத் தனித்தனியாகக் கிடைக்கும். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகியிருந்தால்தான் முழுதாக மாற்றும் பேச்சு. கழற்றிய பழைய சாமானைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல தொழில்காரர் கேட்பதற்கு முன்பே காட்டுவார். வேலை முடிந்ததும் மீட்டரை வைத்து எண்ணைக் காட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் கறாராக இருங்கள். இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழற்றி, "வண்டி நிக்கலைன்னா டைனமோ நல்லாருக்கு" என்று சோதிக்கும் பழக்கம் சிலரிடம் இன்னும் இருக்கிறது. டைனமோ காலத்தில் அது செல்லும். இன்றைய காரில் அந்த ஒரு நொடியில் வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரைக் கொன்றுவிடும். கை வயருக்குப் போவதைப் பார்த்தால், "அண்ணே, அதை மட்டும் வேணாம், மீட்டர்ல பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொண்டால் வேறு கடை.

பேட்டரிதான் போனது என்று உறுதியானால், அதாவது இரவு முழு சார்ஜில் விட்டும் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினால், அல்லது பெட்டி பக்கவாட்டில் ஊதியிருந்தால், புதிது வாங்குங்கள். பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பதைப் பழையதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். மாறினால் கேபிள் எட்டாது. தயாரித்த மாதத்தைக் காட்டச் சொல்லுங்கள், கடை அலமாரியில் ஆறேழு மாதம் சார்ஜ் செய்யாமல் இருந்தது வேண்டாம். சிக்னலில் தானாக நின்று எடுக்கும் வசதியுள்ள கார் என்றால் அதற்கென்று தனி வகை பேட்டரி உண்டு, சாதாரணமானதை மாட்டினால் சீக்கிரம் படுத்துவிடும். பழைய பேட்டரியைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். அதில் ஈயம் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். வாரண்டி அட்டையில் தேதியும் முத்திரையும் விழுந்ததைப் பார்த்துவிட்டுக் கடையை விட்டுக் கிளம்புங்கள்.